ஒன்டாரியோவில் முதல் குளிர்காலம்: வாடகை வீட்டைக் குறைந்த செலவில் சூடாக வைத்துக்கொள்ள ஒரு வழிகாட்டி

டொராண்டோ பக்கம் புதிதாக வந்து, ஸ்கார்பரோவில் ஒரு பழைய வீட்டின் மேல்தளத்தையோ பேஸ்மென்ட்டையோ வாடகைக்கு எடுத்திருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் முதல் குளிர்காலத்தில் யாரிடம் எதைக் கேட்பது என்றே தெரியவில்லை. ஒரு தகவல் பக்கத்து வீட்டு அக்காவிடம் கிடைத்தது, இன்னொன்று பில்லின் பின்பக்கத்தில் இருந்தது. எல்லாம் சேர்ந்து தெளிவாவதற்குள் பனி உருகிவிட்டது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

குளிர் தாங்கவில்லை என்றதும் ஹீட்டர் வாங்க ஓடாதீர்கள். முதலில் காகித வேலை, அடுத்து காற்று நுழையும் இடங்களை அடைப்பது, அதற்கப்புறம்தான் ஹீட்டர். இந்த வரிசையில் போனால் செலவு பாதியிலேயே நின்றுவிடும்.

## 1. வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள் (செப்டம்பர்)

ஒன்டாரியோவில் 2018 ஏப்ரல் 30-க்குப் பிறகு போடப்படும் பெரும்பாலான வீட்டு வாடகை ஒப்பந்தங்கள் அரசின் பொதுப் படிவத்தில்தான் இருக்க வேண்டும். மின்சாரம், சூடு, தண்ணீர் மூன்றுக்கும் யார் பணம் கட்டுவது என்று அதில் தனியாக ஒரு பகுதி உண்டு. முதலில் படிக்க வேண்டியது அதைத்தான். உங்களிடம் அந்தப் படிவம் இல்லையென்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் கேளுங்கள், 21 நாளுக்குள் அவர் தர வேண்டும்.

பேஸ்மென்ட்டில் இருப்பவர்களுக்குப் பொதுவாக "யூட்டிலிட்டியில் (மின்சாரம், கேஸ், தண்ணீர் பில்களில்) 30 சதவீதம், 40 சதவீதம்" என்று பேசி முடிப்பார்கள். அப்படியானால் ஒவ்வொரு மாதமும் பில்லின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் கேஸ் பில் கோடையைவிடப் பல மடங்கு ஏறும், எதில் 30 சதவீதம் என்று தெரிந்திருக்க வேண்டும். வாயால் சொன்னதை ஒரு குறுஞ்செய்தியிலாவது உறுதிசெய்து வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை ரசீதுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள். அவை ஏன் தேவை என்பது கடைசிப் படியில் வரும்.

## 2. வீட்டுக்காரர் தர வேண்டிய சூடு எவ்வளவு?

சூட்டை வீட்டுக்காரர் வழங்கும் வீடுகளில், மாகாணச் சட்டப்படி செப்டம்பர் 1 முதல் ஜூன் 15 வரை வீட்டுக்குள் குறைந்தது 20 டிகிரி இருக்க வேண்டும். டொராண்டோ நகரில் குளிர்கால மாதங்களுக்கு அது 21 டிகிரி. பேஸ்மென்ட், பழைய வீடு என்று சொல்லி இதைக் குறைக்க முடியாது.

சூடு போதவில்லை என்றால்:

- சில டாலருக்கு ஒரு தெர்மோமீட்டர் வாங்கி, ஜன்னலை விட்டுத் தள்ளி அறையின் நடுவில் வையுங்கள். தேதி, நேரம் தெரியும்படி சில நாட்கள் படம் எடுத்து வையுங்கள்.
- வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலிலோ குறுஞ்செய்தியிலோ எழுதுங்கள். தொலைபேசியில் பேசினாலும், பேசியதை அப்புறம் எழுதி அனுப்புங்கள்.
- அவர் அசையவில்லை என்றால் 311 என்ற நகராட்சி உதவி எண்ணை அழையுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கலாம். நகராட்சி ஆய்வாளர் வருவார்.
- அதற்கும் சரியாகவில்லை என்றால் வாடகைத் தீர்ப்பாயத்தில் டி-6 படிவம் போடலாம். கட்டணம் சுமார் 50 டாலர். வருமானம் குறைந்தவர்கள் கட்டண விலக்கு கேட்கலாம்.

இதில் பலரும் விழும் குழி ஒன்று உண்டு. "சூடு இல்லையே, வாடகையை நிறுத்திவைக்கலாம்" என்று நண்பர்கள் சொல்வார்கள். செய்யாதீர்கள். வாடகை பாக்கி விழுந்தால், நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் உங்களை வெளியேற்ற வழக்குப் போட வீட்டுக்காரருக்குக் காரணம் கிடைத்துவிடும்.

## 3. மின்கட்டண உதவிக்கு விண்ணப்பியுங்கள் (அக்டோபருக்குள்)

இங்கே மின் பில்லை ஹைட்ரோ பில் என்பார்கள். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு ஒன்டாரியோ மின்சார உதவித் திட்டம் இருக்கிறது. உங்கள் வருமானத்தையும் வீட்டில் உள்ள ஆட்களின் எண்ணிக்கையையும் பார்த்து, மாதாமாதம் பில்லிலேயே ஒரு தொகையைக் கழித்துவிடுவார்கள். திருப்பிக் கட்ட வேண்டிய கடன் இல்லை இது. தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் இருக்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை.

தேவையானவை:

- உங்கள் பெயரில் உள்ள ஹைட்ரோ பில், கணக்கு எண். அடுக்குமாடியில் தனி மீட்டர் நிறுவனம் பில் அனுப்பினாலும் பரவாயில்லை, அதுவும் செல்லும்.
- வீட்டில் இருக்கும் எல்லாருடைய பெயர், பிறந்த தேதி. பெரியவர்களின் சமூகக் காப்பீட்டு எண் (சின் நம்பர்).
- பெரியவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம். இணையத்தில் விவரங்களை நிரப்பியதும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். ஒப்புதல் போய்ச் சேராமல் விண்ணப்பம் நகராது.

முடிவு வர சில வாரங்கள் ஆகும், விண்ணப்பத்துக்கு முந்தைய மாதங்களுக்குப் பணம் வராது. அதனால்தான் அக்டோபர் என்கிறேன். பொதுவாக 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், வீடு மாறினாலும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். பில் வீட்டுக்காரர் பெயரில் இருந்தால் இந்த உதவி உங்களுக்குக் கிடைக்காது. வீடு பேசும்போதே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

வருமானத்தை வரித் துறையிடம்தான் சரிபார்ப்பார்கள். அதனால் வருமானமே இல்லாத ஆண்டிலும் வரிக் கணக்குத் தாக்கல் செய்யுங்கள்.

கேஸ் அல்லது மின்சாரம் உங்கள் பெயரில் இருந்தால் இன்னும் இரண்டு திட்டங்களைக் கேட்டுப் பாருங்கள். என்பிரிட்ஜ் கேஸ் நிறுவனம், வருமானத் தகுதி உள்ள வீடுகளுக்கு இலவசமாகச் சுவர், கூரை இன்சுலேஷன் போட்டு, காற்றுக் கசிவையும் அடைத்துத் தரும் திட்டம் வைத்திருக்கிறது. மாகாணத்தின் மின் சிக்கனத் திட்டத்தில் எல்இடி விளக்கு, கதவு ஓரப் பட்டை போன்றவை இலவசமாகக் கிடைக்கும். வாடகைக்கு இருப்பவர்களும் கேட்கலாம், ஆனால் பெரிய வேலைகளுக்கு வீட்டுக்காரரின் சம்மதம் வேண்டும். அவருக்குச் செலவில்லாமல் அவருடைய வீடு மேம்படுகிறது என்று எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

## 4. கதவைத் தட்டும் விற்பனையாளர்களிடம் கவனம்

குளிர் தொடங்கும் நேரத்தில் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, "உங்கள் பில்லைக் காட்டுங்கள், தள்ளுபடி இருக்கிறது" என்று வருவார்கள். அரசு ஆள் மாதிரியே பேசுவார்கள். ஃபர்னஸ் (வீடு முழுதும் சூடான காற்றை அனுப்பும் கருவி), வாட்டர் ஹீட்டர், ஏர் ஃபில்டர் போன்றவற்றைக் கூப்பிடாமல் வாசலில் வந்து விற்று ஒப்பந்தம் போடுவது ஒன்டாரியோவில் 2018 மார்ச் முதல் தடை. மின்சார, கேஸ் ஒப்பந்தங்களை வாசலில் விற்பது 2017-இலேயே தடை செய்யப்பட்டது. பில்லைக் காட்டாதீர்கள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வீட்டில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு இதை முதல் வாரமே சொல்லி வையுங்கள். ஆங்கிலம் அதிகம் வராத பெரியவர்கள் வாசலில் வந்தவரை மரியாதையாக உட்கார வைத்துவிடுவார்கள்.

## 5. காற்று எங்கே நுழைகிறது?

காற்று பலமாக வீசும் நாளில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். திரைச்சீலையை ஒதுக்கிவிட்டு, ஜன்னல் ஓரம், கதவுக்கு அடி, வெளிச்சுவரில் உள்ள பிளக் பாயின்ட், குழாய் சுவருக்குள் போகும் ஓட்டை, தரையும் சுவரும் சேரும் பட்டை என்று ஒவ்வொன்றிலும் பத்தியை நிறுத்திப் பாருங்கள். புகை நேராக மேலே போனால் சரி. ஆடினால் அங்கே ஒரு சின்ன டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். அடையாளம் வைத்த இடங்களுக்கு மட்டும் பொருள் வாங்கினால் போதும்.

## 6. ஜன்னலுக்குப் பிளாஸ்டிக் திரை

குறைந்த செலவில் அதிகப் பலன் தரும் வேலை இதுதான். ஜன்னல் சட்டத்தில் இருபக்க டேப் ஒட்டி, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக்கை விரித்து, ஹேர் டிரையர் காட்டி இறுக்குவது. கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே நிற்கும் காற்றுதான் குளிரைத் தடுக்கிறது. டாலராமா என்ற மலிவு விலைக் கடையில் 5 டாலருக்குள் கிட் கிடைக்கும். கனேடியன் டயர், ஹோம் டிப்போ போன்ற கடைகளில் விலை கூடும், ஆனால் பெரிய ஜன்னலுக்கு அங்கே வாங்குவதே நல்லது, டேப் நன்றாகப் பிடிக்கும்.

வாங்கும் முன் ஜன்னலின் அகலம், உயரம் இரண்டையும் அளந்துகொண்டு போங்கள். முதல் பெரிய குளிர் வந்ததும் கடையில் இது தீர்ந்துவிடும், அக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள்.

செய்முறை:

- சட்டத்தில் உள்ள தூசியையும் எண்ணெய்ப் பிசுக்கையும் முதலில் சோப்புத் தண்ணீரால் துடைத்து, பிறகு மருந்துக்கடை ஆல்கஹாலால் ஒருமுறை துடையுங்கள். நம் சமையலறைகளில் தாளிப்பு எண்ணெய் ஜன்னல் சட்டம் வரை படிந்திருக்கும். இதை விட்டால் டேப் ஜனவரியில் கழன்று தொங்கும்.
- நன்றாகக் காய விடுங்கள். ஈரத்தோடு மூடினால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.
- நான்கு பக்கமும் டேப்பை ஒட்டி, விரலால் அழுத்தித் தேயுங்கள். சிறிது நேரம் விட்டு அப்புறம் மேல் காகிதத்தை உரியுங்கள்.
- பிளாஸ்டிக்கை எல்லாப் பக்கமும் சில அங்குலம் கூடுதலாக வெட்டி, மேலிருந்து கீழாக ஒட்டுங்கள். இதற்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது.
- ஹேர் டிரையரை மூலையில் தொடங்கி, பிளாஸ்டிக்கைத் தொடாமல் மெதுவாக நகர்த்துங்கள். ஒரே இடத்தில் நிறுத்தினால் உருகி ஓட்டை விழும். சுருக்கம் போய் மேளத்தோல் மாதிரி இறுகியதும் மிச்சத்தை வெட்டிவிடுங்கள்.

ஒவ்வொரு படுக்கையறையிலும் ஆள் வெளியேறக்கூடிய ஒரு ஜன்னலையாவது மூடாமல் விடுங்கள். பேஸ்மென்ட்டில் இது மிகவும் முக்கியம். தீப்பிடித்தால் அதுதான் வழி. அந்த ஜன்னலுக்கு ரோப் கால்க் என்று களிமண் போல மெத்தென்ற கயிறு விற்கிறார்கள், இடுக்கில் வைத்து அழுத்தினால் போதும், இழுத்தால் வந்துவிடும். கனமான திரைச்சீலையும் போடுங்கள். பகலில் வெயில் வரும் பக்கத்துத் திரையைத் திறந்து, இருட்டியதும் மூடுங்கள்.

## 7. கதவு, இடுக்கு

வெளிக்கதவைச் சுற்றி ஒட்டும் ஃபோம் பட்டை, கதவுக்கு அடியில் போடும் ரப்பர் பட்டை இரண்டும் மலிவு. ஆணி அடிக்கும் வகை என்றால் வீட்டுக்காரரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அறைக் கதவுகளுக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டாம். பழைய ஜீன்ஸின் ஒரு காலை வெட்டி, ஒரு முனையைத் தைத்து, கிழிந்த துணிகளைத் திணித்து, மறுமுனையையும் தைத்துவிட்டால் கதவடியில் போட உருளை தயார். சிமென்ட் தரை என்றால் தடிமனான விரிப்பு போடுங்கள், காலில் ஏறும் குளிர் அதிலேயே பாதி குறையும்.

## 8. ஃபர்னஸும் தெர்மோஸ்டாட்டும்

ஃபர்னஸ் உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தால், ஃபில்டரை மாதம் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியாத அளவுக்குத் தூசி இருந்தால் மாற்ற வேண்டும். ஒரு அங்குல ஃபில்டர் சுமார் 3 மாதம் வரும். அளவு ஓரத்தில் அச்சிட்டிருக்கும், அதைப் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அம்புக்குறி ஃபர்னஸை நோக்கி இருக்க வேண்டும். இதை மாற்றுவது யார் பொறுப்பு என்று வீட்டுக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

சூட்டின் அளவை வைக்கும் தெர்மோஸ்டாட் விழித்திருக்கும் நேரத்தில் 20 டிகிரியிலும், தூங்கும்போது 17 அல்லது 18-லும் இருந்தால் போதும். கைக்குழந்தையோ வயதானவரோ இருந்தால் இரவில் அவ்வளவு குறைக்க வேண்டாம். 27-இல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்று நினைப்பது தவறு. ஃபர்னஸ் அதே வேகத்தில்தான் சூடாக்கும், நிறுத்த மறந்தால் பில்தான் ஏறும். தரையில் காற்று வரும் துளைகளின் மேல் சோபா, கட்டில் போடாதீர்கள்.

பனி கொட்டிய பிறகு வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஃபர்னஸ் குழாய்களைச் சுற்றியுள்ள பனியை அள்ளிவிடுங்கள். அவை அடைபட்டால் ஃபர்னஸ் நின்றுவிடும், நச்சு வாயு உள்ளே திரும்பவும் வாய்ப்புண்டு.

## 9. ஹீட்டர் வாங்கியே ஆக வேண்டுமென்றால்

சாதாரண ஹீட்டர் 1500 வாட். தினமும் 8 மணி நேரம் ஓடினால் 12 யூனிட், மாதம் 360 யூனிட். இதை உங்கள் பில்லில் உள்ள விலையால் பெருக்கிப் பாருங்கள், பிளாஸ்டிக் கிட்டின் அருமை புரியும். ஒரு சின்ன அறையில் கதவை மூடிக்கொண்டு சில மணி நேரம் ஓட்டுவதற்குத்தான் இது சரி.

கனடாவின் சிஎஸ்ஏ பாதுகாப்பு முத்திரை உள்ளதா என்று பாருங்கள். சுவர் பிளக்கிலேயே நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். கட்டில், திரை, துணி எல்லாம் ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

சூட்டுக்காக ஓவனைத் திறந்து வைப்பது, கேஸ் அடுப்பை எரிய விடுவது, கரி மூட்டுவது எதுவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நாம் சாம்பிராணிக்குக் கரி மூட்டும் பழக்கம் உள்ளவர்கள். ஜன்னலெல்லாம் அடைத்த வீட்டில் அதையும் தவிருங்கள், கரி இல்லாத கப் சாம்பிராணி என்றாலும் ஒரு கதவைத் திறந்துகொண்டே ஏற்றுங்கள். ஃபர்னஸ் போல எரிபொருள் கருவி உள்ள வீட்டில் படுக்கையறைகளுக்கு அருகே கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்க வேண்டும் என்பது சட்டம், வைத்துத் தர வேண்டியவர் வீட்டுக்காரர். நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பும்போது அலாரத்தின் பட்டனையும் அழுத்திப் பாருங்கள்.

## 10. ஈரம், பூஞ்சை

வீட்டை அடைத்ததும் அடுத்து வரும் தொல்லை, ஜன்னலில் வழியும் தண்ணீர். சோறு வடிப்பது, இட்லி அவிப்பது, துணி காயப்போடுவது என்று நம் வீடுகளில் நீராவி அதிகம். கொதிக்கும் பாத்திரத்தை மூடுங்கள், அடுப்புக்கு மேலுள்ள ஃபேனைப் போடுங்கள், குளித்த பிறகு குளியலறை ஃபேனை 20 நிமிடம் ஓட விடுங்கள். ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வையுங்கள். குளிர்காலத்தில் 30 முதல் 40 சதவீதம் நல்லது. ஜன்னலில் தண்ணீர் நின்றால் காலையில் துடைத்துவிடுங்கள், ஒரு வாரம் விட்டாலே ஓரத்தில் கறுப்பு படியும்.

## 11. சமையலறையும் மின் நேரமும்

புதிய கணக்குகளுக்கு வழக்கமாக நேரத்துக்கேற்ற விலைதான் வரும். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை வார நாட்களில் காலை 7 முதல் 11 வரையும், மாலை 5 முதல் 7 வரையும் விலை மிக அதிகம். இரவு 7 முதல் காலை 7 வரையும், சனி ஞாயிறு முழுதும் குறைவு. துணி உலர்த்தி, பாத்திரம் கழுவும் இயந்திரம், ஓவன், ஹீட்டர் ஆகியவற்றை இரவு 7-க்குப் பிறகு ஓட்டுங்கள். மிக்சி, கிரைண்டர், விளக்குக்கெல்லாம் நேரம் பார்த்துக் கவலைப்பட வேண்டாம், அவை இழுக்கும் மின்சாரம் கொஞ்சம்தான். குழந்தையோடு பகல் முழுக்க வீட்டில் இருப்பவர்கள், பயன்பாட்டு அளவை வைத்து விலை போடும் திட்டத்துக்கு மாறுவது லாபமா என்று கணக்குப் பார்க்கலாம். அதில் குளிர்காலத்தில் மாதம் 1000 யூனிட் வரை ஒரு விலை, அதற்குமேல் கூடிய விலை. மாறுவதற்குக் கட்டணம் இல்லை.

இட்லி மாவு பொங்கவில்லை என்ற புலம்பல் இங்கே டிசம்பரில் எல்லா வீட்டிலும் கேட்கும். ஓவனை எரிய விடாமல் உள்விளக்கை மட்டும் போட்டு, மாவுப் பாத்திரத்தை ஒரு தட்டின்மேல் உள்ளே வைத்துவிடுங்கள். ராத்திரி வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். ஓவனின் வெளியே "உள்ளே மாவு இருக்கிறது" என்று எழுதி ஒட்டுங்கள், யாராவது தெரியாமல் பற்றவைத்தால் பாத்திரமும் போகும்.

கடைகளின் தள்ளுபடித் தாள் வியாழக்கிழமைதோறும் மாறும். நோ ஃப்ரில்ஸ், ஃப்ரெஷ்கோ போன்ற கடைகளில் வேறு கடையின் தள்ளுபடி விலையைக் காட்டினால் அதே விலைக்குத் தருவார்கள், ஃபிளிப் செயலியில் எல்லாத் தாளும் இருக்கும். கறிவேப்பிலை, துருவிய தேங்காய், இஞ்சி பூண்டு விழுது மூன்றையும் சிறு பைகளில் ஃப்ரீசரில் வைத்தால், பனியில் அடிக்கடி கடைக்குப் போக வேண்டியிருக்காது.

## 12. மைனஸ் 20-க்குப் போகும் இரவுகள்

வெளிச்சுவரை ஒட்டிய சிங்க்கின் கீழ்க் கதவைத் திறந்து வையுங்கள், குழாயில் நூல் மாதிரி தண்ணீர் ஓட விடுங்கள். தோட்டக் குழாயின் வால்வை அக்டோபரிலேயே உள்ளே மூடி, வெளியே திறந்து வடித்துவிட வேண்டும். ஊருக்குப் போகும்போது ஃபர்னஸை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள், 15 டிகிரியிலாவது ஓடட்டும். குழாய் உறைந்து வெடித்தால் வரும் செலவு, மிச்சம் பிடித்த கேஸைவிட எத்தனையோ மடங்கு. வீட்டின் மெயின் வால்வு எங்கே என்று இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

## 13. மார்ச், ஏப்ரலில் செய்ய வேண்டியவை

குளிர் உடைகளும் பூட்ஸும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பாதி விலைக்கு வரும். அடுத்த ஆண்டுக்கு அப்போதே எடுங்கள், குழந்தைகளுக்கு ஒரு அளவு பெரிதாக. ஜன்னல் டேப்பை உரிக்கும்போது மறுபடி ஹேர் டிரையர் காட்டினால் பெயின்ட் பெயர்ந்து வராது.

வரிக் கணக்கை ஏப்ரல் 30-க்குள் தாக்கல் செய்யுங்கள். அதோடு ஆன்-பென் என்ற படிவத்தையும் நிரப்ப வேண்டும். கட்டிய வாடகை, வீட்டுக்காரர் பெயர், முகவரி இவற்றை அதில் எழுதினால், மாகாணத்தின் ட்ரில்லியம் உதவித்தொகையில் வீட்டின் ஆற்றல் செலவுக்கான பங்கும் வரும். ஹைட்ரோ பில் உங்கள் பெயரில் இல்லாத பேஸ்மென்ட் குடும்பங்களும் இதைக் கேட்கலாம். எடுத்து வைக்கச் சொன்ன ரசீதுகள் இதற்குத்தான். இலவசமாக வரிக் கணக்குப் போட்டுத் தரும் தன்னார்வ முகாம்கள் மார்ச் முதல் நடக்கும், 211 என்ற சமூக சேவைத் தகவல் எண்ணை அழைத்தால் அருகில் எங்கே என்று சொல்வார்கள்.

ஹைட்ரோ பாக்கி இருந்தால் அதற்கும் ஏப்ரல் 30 முக்கியம். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 30 வரை பாக்கிக்காக வீடுகளின் மின்சாரத்தைத் துண்டிக்கக் கூடாது என்பது விதி. மே மாதம் பிறந்ததும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். அதற்கு முன்பே நிறுவனத்தை அழைத்துத் தவணைத் திட்டம் கேளுங்கள், லீப் என்ற அவசர உதவிக்குத் தகுதி உண்டா என்றும் கேளுங்கள். பேசிய நாள், பேசியவர் சொன்னது இரண்டையும் பில்லின் ஓரத்திலேயே எழுதி வையுங்கள்.